மார்பகக் கழலைகள்: நோயெனப்பட்டதும் நோயன்றெனப்பட்டதும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கொல்லும் நோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வைசூரி, வாந்திபேதி, கொள்ளைநோய், இலங்கையில் 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பேரழிவு விளைத்த மலேரியா என்பன பற்றி நூல்கள் பல உள. கொல்லாது, ஆயினும் ஆண்டுக்கணக்காக உடலை விட்டு அகலாது, அகன்றதுபோலத் தோன்றி மீண்டும் தலைகாட்டும் உபாதைகளுக்கோ அத்தகைய வரலாறு எழுதப்படுவது அரிது. பெண்களின் மார்பகத்தில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளும், மாதவிடாயை ஒட்டி அங்கு எழும் நோவும் இவ்வகையின. இவற்றுக்கு வரலாறே இல்லையெனக் கருதுதல் தவறாகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவை வைத்தியருக்கும் பெண்களுக்குமிடையே ஒரு வழக்காக இருந்து வந்துள்ளன. இவற்றுக்கு நோயென்று பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரை அஞ்சிப் பல பெண்கள் தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். ஈற்றில் அப்பெயர் வைத்திய உலகத்தாரால் மறுக்கப்பட்டது. அவ்வரலாற்றையும், கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நிலையையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் உடலியல் உண்மைகள் சிலவற்றைக் கூறிவிடுதல் தகும். மார்பகம் பருவமடைந்த நாள் தொட்டு மாதவிடாய் நிற்கும் நாள் வரை ஒருபோதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரோசன், புரோஜெஸ்தரோன் எனும் ஓமோன்கள் திங்கள்தோறும் ஏறி இறங்குதற்கேற்ப அதன் சுரப்பி இழையம் பெருகுவதும் ஒடுங்குவதுமாக உள்ளது. விடாய்க்கு முந்திய ஒரு வாரம் பத்து நாட்களில் மார்பகம் கனத்து, தொட்டால் நோவதும், சிறு சிறு மணிகள் போலக் கைக்குத் தட்டுப்படுவதும், விடாய் தொடங்கியதும் இவை தணிவதும் மிகப் பலரிடம் காணப்படும். இவ்வாறு பொதுவாகத் திரளுவதன்றித் தனிக் கட்டிகளாகத் தோன்றுவனவுமுண்டு. பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை உள்ளோரில் உருண்டு திரண்டு, விரலுக்கு அகப்படாது நழுவி ஓடும் கழலை ஒன்று தோன்றலாம். இது வைபிரோ அடினோமா எனப்படும். முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் நீர் நிறைந்த பைகள் தோன்றுதல் பெருவழக்கு. ஒன்றை வெளியேற்ற, சில காலங் கழித்து வேறோரிடத்தில் இன்னொன்று தோன்றும். மீண்டும் மீண்டும் வருதலே இவற்றின் இயல்பு. இவற்றுட் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவன அல்ல. ஆயினும் தோன்றும் ஒவ்வொரு கட்டியும் புற்றுநோய்தானோ என்ற ஐயத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பும். உபாதையின் பெரும்பகுதி நோவிலன்று, இவ்வையத்திலேயே தங்கியிருக்கிறது.

தமிழில் இவ்வேறுபாட்டைச் சுட்டுஞ் சொற்கள் இல்லாமலில்லை. கட்டி என்பது பொதுச்சொல். சீழ்க்கட்டி முதல் எதனையும் அது குறிக்கும். புற்று என்பது கறையான் புற்றைப் போலக் கிளைத்து உள்ளரித்துச் செல்வதைக் குறித்தது. கழலை என்பது கழலுதல் எனும் வினையோடு தொடர்புடையதாகத் தோன்றுகின்றது. ஓரிடத்தில் வேரூன்றாது தோலின் கீழ் நழுவுவது கழலை. மேனாட்டு வைத்திய மாணவர்க்கு இன்றும் கற்பிக்கப்படும் முதல் வேறுபாடு, கட்டி நழுவுகின்றதா, பற்றிப் பிடித்துள்ளதா என்பதே. இச்சொல்லை வழங்கிய மக்கள் அதனைக் கையால் தொட்டு அறிந்திருந்தனர் போலும். வடமொழி மருத்துவத்திலும் இத்தகைய பகுப்பு உண்டு. சுசுருதர் நூலின் நிதானப் பகுதி கிரந்தி எனவும் அற்புதம் எனவும் இருவகைக் கட்டிகளைப் பிரித்துக் கூறும். அற்புதம் என்பது அசையாது, ஆழ வேரூன்றி, மெல்ல வளர்ந்து, பழுக்காது நிற்பது. அதே பகுதியில் தன ரோகமும் கூறப்படுகின்றது. ஆனால் மார்பகக் குழாய்களின் வாய் கன்னியர்க்கு மூடியிருத்தலின் அவர்க்குத் தன ரோகம் வருவதில்லை என்பது அந்நூலின் கொள்கை. பிள்ளை பெற்றுப் பாலூட்டும் பெண்ணின் மார்பகமே மருத்துவரின் கவனத்துக்கு உரியதாக இருந்தது என்பதையே இது காட்டுகின்றது. மணமாகாத இளம் பெண்ணின் கழலை அக்கொள்கையில் இடம்பெறவில்லை. வேறு காரணங்களால் அது பின்னரும் நெடுங்காலம் இடம்பெறவில்லை என்பது கீழே புலனாகும்.

இலக்கியத்தின் நிலை முற்றிலும் வேறு. கொங்கையைப் பாடாத தமிழ்ப் பேரிலக்கியம் அரிது. இடமார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகி, ஈழத்தில் தமிழர்க்குக் கண்ணகை அம்மனாகவும் சிங்களவர்க்குப் பத்தினித் தெய்வமாகவும் அம்மை நோய் தீர்ப்பவளாக வழிபடப்படுகின்றாள். கவிதையிலும் கோயிலிலும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்பட்ட உறுப்பு, வீட்டு வழக்கில் பெயரில்லாததாயிற்று. தாயிடம் மகள் கூறும்போதுகூட ‘நெஞ்சிலே கட்டி’ என்றே கூறுவாள். அது இருதய நோயா, சளியா, வேறா என்பதைக் கேட்பவர் ஊகித்தறிய வேண்டும்.

இந்நிலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலேயே சுதேச இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1864இல் தமிழையே போதனா மொழியாக்கினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் சேர்ந்து அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களை ஆக்கினர். 1867இல் வெளிவந்த இரண வைத்தியம், அக்காலத்தில் இங்கிலாந்தில் மாணவர் பயின்ற சத்திரசிகிச்சைக் கைநூல் ஒன்றைத் தழுவியது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் அதற்கு வரும் ஒவ்வொரு கேட்டையும், கூச்சமின்றியும் கொச்சையின்றியும் தமிழிற் பெயரிட்டுக் கூறமுடியும் என்பதை இந்நூல்கள் நிலைநாட்டின. சமயப் பரப்பு நோக்கத்தின் துணையாகவே இம்முயற்சி எழுந்தது என்பதை மறைத்தல் வேண்டா. எனினும் அதன் பயன் அந்நோக்கத்தைக் கடந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கில மொழியில் நிறுவப்பட்டது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வைத்தியரும் நோயாளியும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்கக்கூடிய வாய்ப்பு ஒரு தலைமுறைக்குள் தோன்றி மறைந்தது எனலாம்.

அக்காலத்து மேனாட்டு மருத்துவம் இக்கட்டிகளைப் பற்றித் தெளிவான அறிவு பெற்றிருந்ததா என்பது அடுத்த வினா. விடை ஓரளவுக்கே ஆம் என்பதாகும். 1811ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆந் திகதி, பரிசில் வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியை பிரான்சிஸ் பேணி, நெப்போலியனின் படை வைத்தியரான லாரேயின் கையால் வலது மார்பகத்தை இழந்தார். மயக்க மருந்து தோன்றாத காலம் அது. நினைவோடு கிடந்து தாம் பட்டதனைத் தம் சகோதரிக்கு அவர் பல மாதங்கள் கழித்து எழுதிய கடிதம், நோயாளி ஒருவரின் கூற்றாக மருத்துவ வரலாற்றில் எஞ்சியுள்ள மிகக் கொடிய ஆவணங்களுள் ஒன்று. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840இல் தமது எண்பத்தேழாவது வயதில் அவர் காலமானார். புற்றுநோயே தமக்கு இருந்ததென வைத்தியர் கூறியதை அவர் நம்பினார். அது தீங்கற்ற கட்டியாக இருந்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். நுணுக்குக்காட்டியால் இழையத்தை ஆராயும் முறை வருமுன் இவ்வையத்தைத் தீர்க்க வழியில்லை; இன்றும் தீர்க்க வழியில்லை.

இலண்டன் கைஸ் மருத்துவமனைச் சத்திரவைத்தியர் சேர் அஸ்ற்லி கூப்பர் 1829இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதற் பெரும் படியாகும். மார்பக நோய்களை இரு பகுதிகளாக எழுத எண்ணிய அவர், புற்றல்லாதனவற்றுக்கே முதற் பகுதியை ஒதுக்கினார். இரண்டாம் பகுதி வெளிவரவே இல்லை. ஆகவே அவர் நூலாக வெளியிட்டது தீங்கற்றன பற்றியதே. நீர்ப் பைகளையும், விடாய்க்கு முன் மிகும் நோவையும், நழுவும் கழலையையும் அவர் வேறு வேறாக விவரித்தார். புற்றல்லாததைப் புற்றென எண்ணி அஞ்சும் பெண்ணின் மனத்துயரைப் போக்குதலும் வைத்தியர் கடன் எனக் கருதினார். இது அக்காலத்துக்குப் புதுமையான கருத்து. அவர் வழி தொடர்ந்து பின்பற்றப்பட்டிருப்பின் பின்வரும் நூறாண்டு வேறு வகையாக அமைந்திருக்கும்.

அவ்வாறு நிகழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் ஆசிரியர் இந்நிலைக்குத் தம் பெயரையோ தாம் ஆக்கிய பெயரையோ சூட்டலாயினர். 1883இல் பிரான்சு நாட்டு றெக்குளூ இதனை மார்பகப் பைநோய் என்றார். 1893இல் ஜேர்மனியரான கோனிக் நாட்பட்ட பையழற்சி என்றார். அழற்சி ஏதும் அங்கு இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அழற்சி எனும் சொல் பாடநூல்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று நிலைத்தது. பெயர்கள் பெருகியமை அறிவு பெருகியமைக்கு அடையாளமன்று. தெளிவின்மையே இத்தனை பெயர்களைத் தோற்றுவித்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்ரெட், மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே நீக்கும் பெருஞ் சத்திரசிகிச்சையை வகுத்து 1894இல் அதன் பெறுபேறுகளை வெளியிட்டார். புற்றுநோய்க்கு இது அக்காலத்தில் ஓர் ஆறுதலாக அமைந்தது. ஆனால் இத்துணைப் பெரிய கருவி கைக்கு வந்தபின், ஐயத்துக்குரிய எதனையும் அக்கருவி கொண்டே தீர்க்கும் மனப்பான்மை வளர்ந்தது. பைநோய் புற்றுநோய்க்கு முன்னோடி என்ற எண்ணமும் பரவியதால், தீங்கற்ற நீர்ப் பைகளுக்காகவே பெண்கள் மார்பகத்தை இழக்க நேர்ந்தது. இதனைக் கண்டித்தவர் ஹால்ஸ்ரெட்டின் மாணாக்கரான ஜோசப் புளட்குட் என்பது கவனித்தற்குரியது. நீல நிறக் குவிமாடம் போலத் தோன்றும் பைகளை ஆராய்ந்து அவர் 1921இல் எழுதிய கட்டுரை, அவற்றுக்குப் பெருஞ் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை என வலியுறுத்தியது. ஆசிரியரின் முறையை அறிந்தவரே அதன் எல்லையையும் அறிந்தவராயிருந்தார்.

இலங்கையில் அக்காலத்து நிலை யாது? கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இல் பெண் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. இணுவிலில் 1898இல் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை தோன்றியது. தமிழ்ப் பெண்ணொருத்தி தன் மார்பகத்தை ஆண் வைத்தியரிடம் காட்ட இசைவதிலும் நோவைப் பொறுத்திருப்பதே மேலெனக் கருதிய காலமாதலின், பெண் வைத்தியரின் வருகை வெறும் தொழில் வாய்ப்புப் பற்றிய செய்தியன்று. கனடாவில் மருத்துவம் கற்று 1896இல் இலங்கை வந்த மேரி ஏர்வின், யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரத்தினத்தை மணந்தவர். அம்மணத்தை விரும்பாத மிஷனரிமாரின் எதிர்ப்பினால் மிஷன் பணி அவருக்கு இல்லாது போயிற்று. கொழும்பில் லேடி ஹவ்லொக் பெண்கள் மருத்துவமனையிற் சிறிது காலம் பணியாற்றியபின், தலைநகரிலேயே பல்லாண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். டொக்டர் மேரி ரத்தினம் என நாடறிந்த அவர் 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். 1962இல் மறைந்தார். பெண்ணின் உடல் பற்றிப் பெண்ணுக்கே அறிவூட்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாட் கொள்கை. பாடசாலைச் சுகாதார நூல்கள் எழுதியமையும், குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசிக் கண்டனம் பெற்றமையும் அக்கொள்கையின் விளைவுகளே. அவரை மிஷன் ஒதுக்கியது மிஷனுக்கு இழப்பு, கொழும்புக்கு ஊதியம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓமோன்கள் பற்றிய ஆராய்ச்சி இவ்வுபாதையின் மூலத்தை விளக்கத் தொடங்கியது. ஓமோன் எனும் சொல்லை 1905இல் வழங்கிய ஸ்ராலிங், அடுத்த ஆண்டிலேயே ஜனற் லேன் கிளேபன் எனும் பெண் ஆய்வாளருடன் பாற்சுரப்பியின் வளர்ச்சி பற்றிய பரிசோதனைகளை வெளியிட்டார். 1929இல் ஈஸ்திரோசன் வகைகளுள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. விடாயோடு ஏறியிறங்கும் நோவு உடலின் இயல்பான ஏற்றவிறக்கத்தின் ஒரு முகமே என்பது படிப்படியாகப் புலனாயிற்று.

எனினும் உண்மையான திருப்பம் 1951இல் நிகழ்ந்தது என்றே கொள்ளல் வேண்டும். நியூயோர்க்கில் நோயியலாளரான வேர்ஜினியா நீலண்ட் பிரான்ற்ஸ் எனும் அம்மையாரும் அவர்தம் கூட்டாளரும், மார்பக நோய் ஏதுமின்றி வேறு காரணங்களால் இறந்த 225 பெண்களின் மார்பகங்களை ஆராய்ந்தனர். அவர்களுள் 53 வீதத்தினரில், பாடநூல்கள் நாட்பட்ட பைநோய் எனக் கூறிய அதே மாற்றங்கள் காணப்பட்டன. இம்முடிவின் பொருள் தெளிவானது. பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படும் ஒன்றை நோயென்று கூறுவது எவ்வாறு? தலைமயிர் நரைத்தலை நோயென்பார் உளரோ? இரண்டாண்டுகள் கழித்து, 1953இல், இலண்டனைச் சேர்ந்த பேற்றி, நியூரிக் ஆகிய சத்திரவைத்தியர் இருவர், நீர்ப் பைகளை வெட்டி எடுக்காது ஊசியால் நீரை உறிஞ்சியே சிகிச்சை செய்து தொடர்ந்து அவதானிக்கலாம் என எழுதினர். வடுவின்றி, மயக்க மருந்தின்றி, சில நிமிடங்களில் முடியும் செயல் அது. மீண்டும் பை தோன்றின் மீண்டும் ஊசி. திரும்பத் திரும்ப வரும் உபாதைக்குத் திரும்பத் திரும்பச் செய்யத்தக்க சிகிச்சையே பொருத்தமானது என்ற எளிய உண்மையை வைத்திய உலகம் உணர இத்துணைக் காலம் சென்றது.

ஆயினும் அச்சம் எளிதில் அகலவில்லை. 1970களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவில் வழங்கிய முறை வியப்புக்குரியது. கட்டியுள்ள பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியின் ஒரு துண்டை உடனே உறைய வைத்து ஆராய்ந்து, புற்றெனக் கண்டால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை நீக்கிவிடுவர். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா, இராதா என்பதை அறியாமலே பெண் மேசையில் ஏற வேண்டியிருந்தது. தீங்கற்ற கட்டியுடையோரும் ஒவ்வொரு முறையும் இவ்வேதனையை அனுபவித்தே மீண்டனர். பத்திரிகையாளரும் தாமே புற்றுநோய்க்கு ஆளானவருமான றோஸ் குஷ்னர் இதனை எதிர்த்து எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, பரிசோதனையும் சத்திரசிகிச்சையும் இரு வேறு நாட்களில் நிகழ வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அம்மாநாட்டின் குழுவில் அவரும் இடம்பெற்றிருந்தார்.

நோவின் வரலாறு கட்டியின் வரலாற்றிலும் இரங்கத்தக்கது. கட்டியைக் கையால் தொட்டறியலாம். நோவைப் பெண்ணின் சொல் ஒன்றே அறிவிக்கும். அச்சொல் நெடுங்காலம் நம்பப்படவில்லை. மார்பக நோவு நரம்புத் தளர்ச்சியின் அறிகுறி, மணமாகாதவரின் மனக்குறை என்றெல்லாம் எழுதப்பட்டது. வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரில் 1970களில் இயங்கிய மார்பக நோவுச் சிகிச்சையகத்தின் வைத்தியர் பிறீஸ், மான்சல், ஹியூஸ் ஆகியோர் இக்கூற்றைச் சோதித்துப் பார்த்தனர். மார்பக நோவுடைய பெண்களையும், காலில் நாளப் புடைப்புடைய பெண்களையும், உளநோய்ச் சிகிச்சை பெறுவோரையும் அவர்கள் ஒப்பிட்டனர். மார்பக நோவுடையோர் நாளப் புடைப்புடையோரையே ஒத்திருந்தனர்; உளநோயாளரை ஒத்திருக்கவில்லை. 1978இல் வெளியான இம்முடிவு சிறிதெனினும், அதன் நீதி பெரிது. காலில் நோவு என்று கூறுபவளை நம்புவோர் மார்பில் நோவு என்று கூறுபவளை நம்ப மறுத்தமைக்கு உடலியற் காரணம் ஏதும் இருக்கவில்லை.

இதே சிகிச்சையகத்தார் நோவை மாதவிடாயோடு தொடர்புடையது, தொடர்பற்றது எனப் பகுத்து, நாட்குறிப்பு அட்டை ஒன்றில் பெண்களே நாள்தோறும் தம் நோவைக் குறித்துவரும் முறையைக் கையாண்டனர். கடும் நோவுக்கு மருந்துகள் சில பரிசோதிக்கப்பட்டன. அவற்றின் பக்க விளைவுகள் காரணமாக இன்று அவை அரிதாகவே கொடுக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட ஈவினிங் பிறிம்றோஸ் எண்ணெயின் மருந்து உரிமம் 2002இல் பிரித்தானியாவில் நீக்கப்பட்டது. கோப்பி, தேநீர் என்பவற்றைக் கைவிட்டால் கட்டிகள் கரையும் என்ற கூற்று 1979இல் அமெரிக்காவில் எழுந்து உலகெங்கும் பரவியது. பின்னர் நடந்த ஒழுங்கான பரிசோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. தேயிலை நாட்டுப் பெண்களுக்கு இது நற்செய்தியே. எஞ்சி நின்றவை மிக எளியன: மார்பைத் தளரவிடாது தாங்கும் பொருத்தமான உள்ளாடை, வேண்டியபோது சாதாரண நோவகற்றி, யாவற்றிலும் மேலாக, இது புற்றன்று எனத் தக்க பரிசோதனையின் பின் வைத்தியர் கூறும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி கிடைத்தபின் பெரும்பாலானோர் வேறு மருந்தை நாடுவதில்லை என்பது பல நாட்டு வைத்தியரின் அனுபவம்.

1982இல் சூசன் லவ் எனும் சத்திரவைத்தியரும் அவர்தம் கூட்டாளர் இருவரும் எழுதிய கட்டுரை, வைபிரோசிஸ்ரிக் நோய் எனப்படுவது நோய்தானா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. நோய் எனும் பெயரே பெண்களை அச்சுறுத்துகின்றது, காப்புறுதி நிறுவனங்கள் அதனைக் காரணங் காட்டுகின்றன, தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு அது வழி திறக்கின்றது என அவர்கள் வாதிட்டனர். வாதம் பெரும்பாலும் சரியானது. ஆனால் முற்றாகச் சரியன்று. 1985இல் டியூப்பொன்ற், பேஜ் ஆகிய இருவர், தீங்கற்றவை எனக் கண்டறியப்பட்ட 10,000க்கு மேற்பட்ட இழையப் பரிசோதனைகளை மீளாய்ந்து, 3,303 பெண்களின் பிற்கால நிலையைத் தொடர்ந்து அறிந்தனர். பத்தில் ஏழு பங்கினர்க்குப் புற்றுநோய் அபாயம் சிறிதும் கூடவில்லை. ஆனால் கலங்கள் இயல்பு மாறிப் பெருகியிருந்த ஒரு சிறு தொகையினர்க்கு அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. எனவே எல்லாவற்றையும் நோயென்றதும் பிழை. எல்லாவற்றையும் நோயன்றென்று கைவிடுதலும் பிழை. 1987இல் கார்டிவ் வைத்தியர் வகுத்த பகுப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: இயல்பான வளர்ச்சி, இயல்பினின்றும் சிறிது பிறழ்ந்த நிலை, நோய் என்பன ஒரே கோட்டின் வேறு வேறு புள்ளிகள். எந்தப் பெண் அக்கோட்டில் எங்கு நிற்கின்றாள் என்பதைக் கைப்பரிசோதனை, கதிர்ப்படம் அல்லது கழியொலிப் படம், ஊசிப் பரிசோதனை என்ற மூன்றுமே சேர்ந்து காட்டும். ஆகையால் முன்னர் பத்துக் கட்டிகள் தீங்கற்றனவாக இருந்தவளும் பதினோராவதைக் காட்டியே ஆக வேண்டும்.

இம்மூன்றும் கொழும்பிற் கிடைத்தன. அவற்றைப் பெறும் வாய்ப்போ எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டிய பழைய குடியிருப்பு. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் சாந்த லூசியாப் பேராலயமும் அருகருகே நிற்கும் வணிகர், தொழிலாளர் பகுதி. வெள்ளவத்தை, அரசாங்க உத்தியோகம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்தார் இருபதாம் நூற்றாண்டில் ஊன்றிய இடம். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேயே நிலைகொண்டது. 1983 யூலை வன்செயல் இவ்விரு பகுதிகளையும் கடுமையாகத் தாக்கியது. 1990இன் பின் வடக்குக்கான தரைவழி மூடுண்டபோது, சிகிச்சைக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் வந்தோர் இவ்விரு பகுதிகளின் விடுதிகளில் மாதக்கணக்கிற் தங்கினர். தீங்கற்ற கட்டி என்பது ஒருமுறை காட்டி முடியும் காரியமன்று. ஆறு மாதத்தில் திரும்ப வரும்படி கூறும் வைத்தியர், ஆறு மாதத்தின் பின் அப்பெண் எங்கு இருப்பாள் என்பதை அறியார். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு அகற்றப்பட்டனர். வைத்தியம் பார்க்க வந்திருந்தோரும் அவர்களுள் அடங்கினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. மார்பகக் கட்டியின் வரலாற்றில் இதற்கு என்ன இடம் எனக் கேட்பார், தொடர் பரிசோதனை எனும் சொல்லில் தொடர் எனும் பகுதியைச் சிந்தித்தல் வேண்டும்.

1996இல் அரசாங்கம் தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சையகங்கள் நாடெங்கும் பெண்களின் மார்பகத்தைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கும் வாய்ப்பை அளித்தன. இது பெரும் பேறு. எனினும் அவை முப்பத்தைந்து வயதையும் அதற்கு மேற்பட்டோரையும் நோக்கி வகுக்கப்பட்டவை. நழுவும் கழலையோ பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் மிகுதியாகத் தோன்றுவது. அதாவது, படிக்கும் வயதிலும் மணம் பேசும் வயதிலும். சாதகப் பொருத்தம் பார்க்கப்படும் வீட்டில் ‘கட்டி’ எனும் சொல் வெளியே போகக்கூடாது என்ற எண்ணம் தாய்மாரிடம் வலுவானது. தழும்பு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் புற்றுநோய் அச்சத்திலும் மேலோங்குவதுண்டு. கன்னியர்க்குத் தன ரோகம் இல்லை என்ற பழைய கொள்கை, நூலில் மறைந்தபின்னும் வீட்டில் மறையவில்லை.

பரிசோதனை முடிந்து கழலை தீங்கற்றதெனத் தெளிந்த பெண்ணின் கையில் வைத்தியர் கொடுக்கும் அட்டையில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று தாய்க்கோ கணவனுக்கோ வாசித்துக் காட்டுகையில், வைபிரோ அடினோமா என்பதும் ‘கட்டி’யே, புற்றுநோய் என்பதும் ‘கட்டி’யே. 1867இல் மானிப்பாயில் ஒரு வகுப்பறைக்குள் வேறு வேறு பெயர் பெற்றிருந்த பொருள்கள், வெள்ளவத்தையின் ஓர் அடுக்குமாடி வீட்டில் இன்றும் ஒரே பெயரோடு வழங்குகின்றன.